பிள்ளைக்கு எவ்வளவு கதிர்வீச்சு? யாரும் எழுதி வைப்பதில்லை

2021 மே மாதம், கரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா ஓர் எச்சரிக்கை விடுத்தார். லேசான அறிகுறி உள்ளவர்கள்கூட சிடி ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்கள். ஒரு சிடி ஸ்கேன் 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமம். இளம் வயதினருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பை அது கூட்டலாம் என்றார். இந்தியக் கதிரியல் மருத்துவர்கள் சங்கம் உடனே மறுத்தது. அது பழைய இயந்திரங்களின் கணக்கு, இன்றைய இயந்திரங்களில் ஐந்து முதல் பத்து எக்ஸ்ரே அளவுதான் என்றது.

ஒரு பக்கம் ஐந்து, இன்னொரு பக்கம் நானூறு. இரண்டில் எது சரி என்று தொலைக்காட்சிகளில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. உண்மையில் இயந்திரம் எது, எந்த அளவில் இயக்கினார்கள், உடம்பின் எந்தப் பகுதி, எத்தனை முறை என்பதைப் பொறுத்துக் கதிர்வீச்சு பல மடங்கு மாறும். எனவே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: என் ஸ்கேனில் எவ்வளவு? அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெரும்பாலானோர் கையில் இருந்த ரிப்போர்ட்டில் பதில் இல்லை. ஐம்பது வயதுக்காரர் இதைப் பெரிதுபடுத்தாமல் கடந்து போகலாம். ஐந்து வயதுப் பிள்ளையின் விஷயத்தில் அப்படிக் கடந்துவிட முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிடி ஸ்கேன் உயிர் காக்கும் கருவி. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை இப்படிப் படமெடுக்கப்பட்டது. அதற்கு முன்பு மூளைக்குள் என்ன நடக்கிறது என்று அறிய, முதுகுத்தண்டு வழியாக நீரை எடுத்துக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது போன்ற, நோயாளி தாங்க முடியாத வழிகள்தான் இருந்தன. சிடி ஸ்கேனை உருவாக்கியதற்காக காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டும் ஆலன் கார்மாக்கும் 1979-ல் நோபல் பரிசு பெற்றார்கள். விபத்தில் அடிபட்டு மண்டைக்குள் ரத்தம் கட்டிய குழந்தையைச் சில நிமிடங்களில் இனம் காட்டி அறுவை அரங்குக்கு அனுப்புவது இந்தக் கருவிதான். இந்தக் கட்டுரையைப் பாதி படித்துவிட்டு, நாளை எடுக்க வேண்டிய ஸ்கேனைத் தள்ளிப்போடும் பெற்றோர் ஒருவர்கூட இருக்கக் கூடாது.

ஆனால், குழந்தையின் உடல் பெரியவரின் உடலைச் சிறிதாக்கிச் செய்ததல்ல. வளரும் உடம்பில் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. பிரியும் நேரத்தில் மரபணுவில் விழும் அடி நிலைத்துவிட வாய்ப்பு அதிகம். பெரியவர்களுக்கு ரத்தம் ஊறும் மஜ்ஜை பெரும்பாலும் முதுகெலும்பிலும் இடுப்பிலும்தான். கைக்குழந்தைக்கோ மண்டையோட்டிலும் கணிசமாக உண்டு. அதனால்தான் தலைக்கு எடுக்கும் ஸ்கேன் ரத்தப் புற்றுநோய்க் கணக்கில் வந்து சேர்கிறது. கதிர்வீச்சின் விளைவு வெளிப்பட ஆண்டுகள் ஆகும். எழுபது வயதுக்காரருக்கு இல்லாத அந்த ஆண்டுகள் ஏழு வயதுப் பிள்ளைக்கு உண்டு. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பிப் பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்விலும், சிறு வயதில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களே பின்னாளில் கூடுதல் விலை கொடுத்தார்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும், 2001-ல் அமெரிக்கக் கதிரியல் இதழ் ஒன்றில் வந்த கட்டுரைகள் அந்நாட்டு மருத்துவர்களைத் திடுக்கிட வைத்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பிரென்னரும் கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆண்டுதோறும் 15 வயதுக்கு உட்பட்ட சுமார் 6 லட்சம் குழந்தைகளுக்குத் தலையிலும் வயிற்றிலும் ஸ்கேன் எடுக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 500 பேர் இதனால் வரும் புற்றுநோயில் என்றாவது இறக்கக்கூடும் என்பது அந்தக் கணக்கு. அதே இதழில் வந்த இன்னொரு கட்டுரைதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. பல மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கு வைக்கும் அதே அளவை வைத்தே ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று அது காட்டியது. காய்ச்சல் மருந்தை எடை பார்த்து மில்லி கணக்கில் எழுதித் தரும் மருத்துவ உலகம், கதிர்வீச்சை மட்டும் அளவு பார்க்காமல் ஊற்றிக்கொண்டிருந்தது. இதற்குப் பிறகே 2008-ல் அமெரிக்காவில் ‘இமேஜ் ஜென்ட்லி’ என்ற இயக்கம் தொடங்கியது. பிள்ளைக்குத் தக்க அளவு என்ற பேச்சு உலகெங்கும் பரவியது.

பிரென்னரின் எண் ஒரு மதிப்பீடு. ஹிரோஷிமா தரவுகளை வைத்துப் போட்டது. ஸ்கேன் எடுத்த பிள்ளைகளையே தேடிப்போய்ப் பார்த்தவர்கள் பிரிட்டன் ஆய்வாளர்கள். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் மார்க் பியர்ஸ் குழு, 1985-க்கும் 2002-க்கும் இடையில் 22 வயதுக்குள் ஸ்கேன் எடுத்த சுமார் 1.8 லட்சம் பேரை நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்தது. 2012-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. இரண்டு மூன்று தலை ஸ்கேன்களால் மூளை பெறும் அளவு, மூளைக் கட்டி வாய்ப்பை மூன்று மடங்காக்கலாம். ஐந்து முதல் பத்து ஸ்கேன்களின் அளவு ரத்தப் புற்றுநோய் வாய்ப்பை மூன்று மடங்காக்கலாம். மறு ஆண்டே ஆஸ்திரேலியாவில் 6.8 லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. ஸ்கேன் எடுத்தவர்களிடம் புற்றுநோய் 24 சதவீதம் கூடுதல் என்றது. 2023-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து சுமார் 9.5 லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவுகள் வெளியாயின. 2025-ல் அமெரிக்காவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் 37 லட்சம் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்று மருத்துவப் படங்களின் கதிர்வீச்சால் வந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது.

‘மூன்று மடங்கு’ என்றதும் வயிற்றைக் கலக்கும். அதன் அடியில் இருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். குழந்தைப் பருவப் புற்றுநோய் அரிது. அரிதானது மூன்று மடங்கானாலும் அரிதுதான். பத்து வயதுக்குட்பட்ட 10,000 குழந்தைகளுக்குத் தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோய், ஒரு மூளைக் கட்டி என்பதே பிரிட்டன் கணக்கு. ஐரோப்பிய ஆய்வும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது. உங்கள் குழந்தைக்கு ஒரு ஸ்கேன் தேவைப்பட்டது, எடுத்தீர்கள் என்றால், தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் ஒரு மாநிலம், ஒரு நாடு என்று பார்க்கும்போது பத்தாயிரங்கள் பல சேர்கின்றன. தேவையில்லாமல் எடுத்தவற்றின் பங்கு அதில் எவ்வளவு என்பதே கேள்வி.

மறுப்புகளும் இருக்கின்றன, அவை அற்பமானவை அல்ல. தலைவலியோடு வந்த பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு கட்டி தெரிந்தது என்றால், கட்டிதான் ஸ்கேனுக்குக் காரணமே தவிர ஸ்கேன் கட்டிக்குக் காரணமில்லை அல்லவா? இதைத் தவிர்க்கத்தான் ஐரோப்பிய ஆய்வு, ஸ்கேனுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்குள் வந்த மூளைக் கட்டிகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதற்குப் பிறகும் தொடர்பு நின்றது. இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில், நம் மணவாளக்குறிச்சியைப் போலவே, மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம். அங்கே ஏறத்தாழ 70 ஆயிரம் பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்த ஆய்வு 2009-ல் வெளியானது. கூடுதல் புற்றுநோய் எதுவும் காணப்படவில்லை. பிறகு ஸ்கேனுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த ஆய்வில் கணக்கெடுக்கப்பட்டவர்கள் 30 வயதைக் கடந்தவர்கள். ஆண்டு முழுவதும் துளித்துளியாக வருவதும், சில நொடிகளில் ஒரே இடத்தில் இறங்குவதும் ஒன்றாகிவிடாது. மண்ணிலிருந்து வருவதை யாரும் தவிர்க்கவும் முடியாது.

இனி நம் ஊர் நிலவரம். கட்டிலிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ பிள்ளை விழுந்துவிட்டது, நெற்றி புடைத்திருக்கிறது, அழுது ஓய்ந்து இப்போது விளையாடுகிறது. அவசரப் பிரிவில் என்ன நடக்கும்? அப்பா “ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமே சார், நிம்மதியா இருக்கும்” என்பார். மருத்துவருக்கும் பின்னால் வழக்கு வருமோ, உறவினர்கள் கூட்டமாக வந்து நிற்பார்களோ என்ற பயம். இரண்டு பயமும் சேர்ந்து பிள்ளையை இயந்திரத்துக்குள் அனுப்பிவிடும்.

இதற்கு நல்ல வழிகாட்டி 2009-லேயே வந்துவிட்டது. வட அமெரிக்காவில் 25 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்குத் தலையில் அடியோடு வந்த, நினைவு ஏறக்குறையத் தெளிவாக இருந்த 42,412 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு அது. மூன்றில் ஒருவருக்கு மேல் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். மூளையில் பொருட்படுத்தத்தக்க காயம் இருந்தது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மூளை அறுவை தேவைப்பட்டது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு. நினைவு மங்குவது, மண்டையோடு உடைந்ததற்கான அடையாளம், மயங்கி விழுந்தது, வாந்தி, கடுமையான தலைவலி, பெரிய உயரத்திலிருந்து விழுந்தது அல்லது வாகன விபத்து போன்ற பலமான அடி: இப்படிச் சில அறிகுறிகளை வயதுக்கேற்ப வகுத்து, இவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு ஸ்கேன் வேண்டாம் என்று அந்த ஆய்வு சொன்னது. நினைவு மங்குவதும் மண்டையோட்டு உடைவின் அடையாளமும் இல்லாமல், மற்றவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் சில மணி நேரம் மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணிக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பட்டியலில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு: பிள்ளை வழக்கம்போல் இல்லை என்று பெற்றோருக்குத் தோன்றுகிறதா? இயந்திரத்துக்கு முன்னால் அம்மாவின் கண்ணைக் கேட்கச் சொல்லும் விதி அது.

வலிப்பு இன்னொரு வாசல். காய்ச்சலோடு வந்து சில நிமிடத்தில் நிற்கும் சாதாரண வலிப்புக்குத் தலை ஸ்கேன் தேவையில்லை என்பது குழந்தை மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட ஒன்று; ஆனாலும் எடுக்கப்படுகிறது. காய்ச்சல் இல்லாமல் வரும் வலிப்பு வேறு. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மூளையில் சிறு வளையம்போல் ஒரு புள்ளி தெரிவது அடிக்கடி நடப்பது. ஒரு காலத்தில் அதைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேதாந்தம் ராஜசேகரும் மாத்யூ சாண்டியும்தான் அவற்றில் பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம் புழு தங்கி அழியும் இடம், தானாகவே மறைந்துவிடும் என்று காட்டினார்கள். எந்தப் புள்ளியைத் தொடாமல் விட்டுக் காத்திருக்கலாம் என்று படத்தையும் நோயாளியையும் பார்த்தே சொல்ல வரையறையும் வகுத்தார்கள். இதை சிடி ஸ்கேனின் பெருமை என்றே சொல்வேன். எத்தனையோ பிள்ளைகளின் மண்டையைத் திறக்காமல் காத்தது அது. ஆனால் ஊர் மாறினால் மறுபடி ஸ்கேன், மருத்துவர் மாறினால் மறுபடி என்று அடுக்கிக்கொண்டே போவதற்கு அந்த ஆய்வில் ஆதாரமில்லை.

இந்த ‘மறுபடி’தான் நம்மிடம் பெரிய நோய். வட்டத் தலைநகரில் ஒரு ஸ்கேன், மாவட்டத் தலைநகரில் ஒன்று, மதுரையிலோ சென்னையிலோ மூன்றாவது. முதல் படம் பிலிமாக மட்டும் இருந்தது, குறுந்தகடு தரவில்லை, அல்லது ‘எங்கள் சென்டரில் எடுத்தால்தான் தெளிவாக இருக்கும்’. போதாததற்கு ‘பிளெய்ன் அண்ட் கான்ட்ராஸ்ட்’ என்று வழக்கமாக எழுதிவிடும் பழக்கம். மருந்து ஏற்றாமல் ஒரு முறை, ஏற்றியபின் ஒரு முறை. கதிர்வீச்சு ஏறக்குறைய இரட்டிப்பு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டில் ஒன்று போதும். வயிற்றுவலிக்கும் குடல்வால் சந்தேகத்துக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட். உச்சிக்குழி மூடாத கைக்குழந்தையின் மூளையையும் அல்ட்ராசவுண்டிலேயே பார்க்கலாம். அவசரம் இல்லாத மூளைக் கோளாறுகளுக்கு எம்ஆர்ஐ. இவை இரண்டிலும் இந்தக் கதிர்வீச்சே இல்லை. எம்ஆர்ஐ-க்கு நேரமும் செலவும் கூட, சிறு பிள்ளைக்கு மயக்க மருந்தும் வேண்டும் என்பது உண்மைதான். ஸ்கேனுக்கு அனுப்பினால் கமிஷன் என்ற கணக்கும் நடுவில் இருக்கிறது. 2002-ன் மருத்துவர் நடத்தை விதிகள் அதைத் தடை செய்திருப்பது பலருக்குத் தெரியும். தடை இருந்தும் நடப்பது எல்லோருக்கும் தெரியும்.

அளவை யாரும் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? கலிஃபோர்னியாவில் ஆர்காட்டா என்றொரு சிற்றூர். 2008 ஜனவரியில் கட்டிலிலிருந்து விழுந்த இரண்டரை வயதுச் சிறுவனைக் கழுத்து வலி என்று அங்குள்ள மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். சில நிமிடத்தில் முடிய வேண்டிய ஸ்கேன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. ஒரே இடத்தை இயந்திரம் 151 முறை படமெடுத்தது. பிள்ளையின் முகத்தைச் சுற்றிச் சிவந்த தடம் விழுந்த பிறகே விபரீதம் தெரிந்தது. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் பெரிய மருத்துவமனை ஒன்றில், பக்கவாத நோயாளிகள் 200-க்கும் மேற்பட்டோர் பதினெட்டு மாதங்களாக இயல்பைவிட எட்டு மடங்குக் கதிர்வீச்சு பெற்றிருந்தது அம்பலமானது. ஒரு நோயாளிக்கு முடி கொட்டியதால்தான் அதுவும் வெளியே வந்தது. ஒவ்வொரு முறையும் இயந்திரம் அளவைத் திரையில் காட்டிக்கொண்டுதான் இருந்தது. பார்க்க ஆளில்லை. இவற்றைத் தொடர்ந்து, ஒவ்வொரு சிடி ஸ்கேனின் கதிர்வீச்சு அளவையும் நோயாளியின் பதிவில் எழுத வேண்டும் என்று கலிஃபோர்னியா 2010-ல் சட்டம் இயற்றியது. 2012 ஜூலை முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2013-ன் ஆணை மூலம் இதைக் கட்டாயமாக்கியது.

நம் நாட்டில் சிடி இயந்திரம் வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அறையின் சுவர்க் கனம் முதல் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது ஆய்வகத்துக்குப் போய், அவர் மீது எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று எழுதப்படுகிறது. நல்லது, அவர் பாதுகாப்பு முக்கியம். அவர் நிற்பது கண்ணாடிக்கு அப்பால். கதிர்வீச்சு நேராக இறங்கும் பிள்ளையின் அளவு எங்கே எழுதப்படுகிறது? நோயாளிக்கு உச்சவரம்பு எதுவும் கிடையாது. தேவைப்பட்டால் எவ்வளவும் தரவேண்டியிருக்கும் என்பதால் அது சரிதான். வரம்பு வைக்க முடியாது என்பதற்காகக் கணக்கும் வைக்காமல் விடுவது சரியில்லை. கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்ட் இயந்திரத்துக்கு, பெண் சிசுவைக் காக்க 1994-ல் கொண்டுவந்த சட்டத்தின்கீழ், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ‘எஃப்’ படிவம் நிரப்புகிறோம்; நிரப்பாவிட்டால் இயந்திரத்துக்குச் சீல் வைக்கிறோம். ஆக, படிவம் நிரப்பத் தெரியாத நாடல்ல இது.

எழுதுவதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் இன்றைய இயந்திரங்கள் தாமாகவே ‘டோஸ் ரிப்போர்ட்’ என்று ஒரு பக்கத்தைத் தயாரிக்கின்றன. அதில் ‘டிஎல்பி’ என்ற எண் இருக்கும். மொத்தமாகப் பெற்ற அளவை அது காட்டும். அந்த எண்ணை ரிப்போர்ட்டின் கடைசி வரியாக அச்சிட ஒரு நிமிடம்கூட ஆகாது. அச்சிட்டால்தான் ஒரு சென்டர் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் அளவு பக்கத்துத் தெரு சென்டரைவிட மூன்று மடங்கு இருந்தாலும் தெரியவரும். அமெரிக்காவில் 2013-ல் வந்த ஓர் ஆய்வு, மிக அதிக அளவு தரும் கால் பங்கு ஸ்கேன்களை மட்டும் நடுத்தர அளவுக்கு இறக்கினாலே, இதனால் வரக்கூடிய புற்றுநோய்களில் 43 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. ஒரு ஸ்கேனைக்கூட நிறுத்தாமல் கிடைக்கும் பலன் இது.

தமிழ்நாடு இதைத் தொடங்கலாம். அரசு மருத்துவமனைகளில் சிடி மையங்களை நடத்துவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கேட்கும் தனியார் மருத்துவமனைகளிடம், குழந்தை ஸ்கேனுக்கு அளவுப் பக்கத்தையும் இணைக்கச் சொல்லலாம். ஐரோப்பாவாலும் ஆஸ்திரேலியாவாலும் மேலே சொன்ன ஆய்வுகளைச் செய்ய முடிந்தது, ஸ்கேன் பதிவும் புற்றுநோய்ப் பதிவேடும் கையில் இருந்ததால். அடையாறு புற்றுநோய் நிலையம் ஒருங்கிணைக்கும் திட்டத்தின் வழியாக 2012 முதல் மாநிலம் முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவேடு நம்மிடமும் இருக்கிறது. இல்லாதது மறுபாதி. அதை இன்று எழுதத் தொடங்கினால், இருபது ஆண்டு கழித்து நம் பிள்ளைகளின் கணக்கை நியூகாசில்காரர்களின் எண்ணை வைத்து ஊகிக்க வேண்டியிருக்காது.

அரசு உத்தரவு வரும்வரை பெற்றோர் செய்யக்கூடியது உண்டு. பிள்ளைக்கு சிடி ஸ்கேன் என்று எழுதினால், இதில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும், அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ சில மணி நேரக் கண்காணிப்போ போதுமா என்று கேளுங்கள். ஸ்கேன் வேண்டும் என்று நீங்களாக வற்புறுத்தாதீர்கள். அவசரம் என்று மருத்துவர் சொன்னால் ஒரு நொடியும் தயங்காதீர்கள். எடுக்கும் இடத்தில் குழந்தைக்கான அளவு வைத்தார்களா என்று கேளுங்கள். முடிந்ததும் படம் உள்ள குறுந்தகட்டையும் டோஸ் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த மருத்துவரிடம் போகும்போது அதை முதலில் எடுத்துக் காட்டுங்கள்.